ஃபைபர் போட்டுல எஞ்சின் போல்ட் ஓட்டை வழியா பின்பலகைக்குள்ள தண்ணி இறங்காம பாத்துக்கிறது: முழு வேலையும் படிப்படியா

எங்க மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபைபர் போட் எடுத்தாரு. 22 அடி, தூத்துக்குடி பக்கம். புதுசா நீலப் பெயிண்ட் அடிச்சு, மூக்குல மஞ்சக் கோடு போட்டு, பாக்க கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு. அதுல இருந்த பழைய எஞ்சினை இறக்கிட்டு எங்க 40 ஹெச்பிய மாட்டலாம்னு கீழ் போல்ட்டோட நட்டைக் கழட்டி, சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி போல்ட்டை உருவுனா, பின்னாடியே கடுங்காப்பி கலர்ல தண்ணி நூலு மாதிரி இறங்குது, நிக்கவே இல்ல. நான் கீழ ஒரு பழைய பெயிண்ட் டப்பாவ வச்சேன், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா கால் டப்பா ரொம்பியிருக்கு. மாமா ஒண்ணும் பேசல, அந்தத் தண்ணிய விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு, "புளிச்ச வாடை அடிக்குது மாப்ள, உள்ள பலகை போயிருச்சு"ன்னாரு.

போல்ட் தலையச் சுத்தி ஒரு கிலோ சிலிகான் அப்பியிருந்தாங்க. அப்பியும் பிரயோஜனம் இல்ல. ஏன் இல்லங்கிறதுல இருந்துதான் இந்த வேலையே ஆரம்பிக்குது, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

உள்ள என்ன இருக்கு, தண்ணி எப்படிப் போகுது

டிரான்சம்னா எஞ்சின் தொங்குற அந்தப் பின்பலகைதான், அமரத்தோட, அதாவது போட்டோட பின்முனையோட, முகம். ஃபைபர் போட்டுன்னு சொல்றோமே தவிர அந்த இடம் முழுக்க ஃபைபர் இல்ல, நடுவுல பிளைவுட், ரெண்டு பக்கமும் ஃபைபர் தோல், பெரும்பாலும் எல்லாம் சேந்து ஒன்றரை இன்ச்சுல இருந்து ரெண்டு இன்ச் தடிமன் வரும். எஞ்சினோட கனத்தையும் தள்ளலையும் தாங்குறது நடுவுல இருக்கிற அந்தப் பலகையும் தோலும் ஒட்டி ஒண்ணா நிக்கிறதுதான். பலகை ஊறிட்டா தோல் தனியா, பலகை தனியா ஆடும்.

மரைன் பிளைதானே, ஊறாதேன்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க. ஐஎஸ் 710ங்கிற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளையாவே இருந்தாலும் அதுல தண்ணிக்குத் தாங்குறது அடுக்குகளை ஒட்டியிருக்கிற பசைதான், மரம் மரந்தான். அதுல 12 எம்எம் ஓட்டை போட்டா ஓட்டையோட சுவர்ல ஒவ்வொரு அடுக்கோட வெட்டு முனையும் தெரியும், அந்த முனைதான் விளக்குத் திரி மாதிரி தண்ணிய உறிஞ்சி மேலயும் பக்கத்துலயும் இழுத்துட்டுப் போகும். நம்ம பழைய மர வள்ளத்துல பலகை ஊறி உப்புனாத்தான் இணைப்பு இறுகும், குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைச்சதோட மிச்ச வேலைய தண்ணியே பாத்துக்கும். அந்தப் பழக்கத்துல "கொஞ்சம் ஊறுனா என்ன"ன்னு பெருசுங்க சொல்லுவாங்க, ஃபைபருக்கு அது அப்படியே தலைகீழ், இங்க பலகை உப்புனா தோலைப் பிச்சுக்கிட்டு வரும்.

இன்னொண்ணு, கடல் தண்ணியவிட மழைத்தண்ணி மோசம். உப்பு கொஞ்சமாவது பூஞ்சையத் தடுக்கும், நல்ல தண்ணி அழுக வச்சிரும். ஐப்பசி கார்த்திகையில கரையில கெடக்குற போட்டுக்குள்ள மழை தேங்கி நின்னு உள்பக்க நட்டு வழியா இறங்குதே, அதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

போல்ட் ஏன் லூசாகுதுன்னா, முன்னால போகும்போது பிரப்பெல்லர் தள்ளுறதுல, எஞ்சினைப் பலகையோட சேத்துப் பிடிக்கிற பிராக்கெட்டோட கீழ்பக்கம் பலகையில அழுந்தும், மேல் போல்ட் ரெண்டும் இழுபடும், ரிவர்ஸ் போட்டா நேர் எதிரா நடக்கும். நாள் பூரா இந்த அசைவுதான். எவ்வளவு நல்ல சீலண்ட் போட்டாலும் ஒருநாள் மயிரிழை அளவுக்கு வாய் திறக்கும். அதனால வேலை ரெண்டு இருக்கு. சீலண்ட் தண்ணியத் தடுக்கணும், அது ஒண்ணு. சீலண்ட் விட்டுக்கொடுத்த அன்னைக்கும் தண்ணி மரத்தைத் தொடக்கூடாது, அதுதான் முக்கியமான ரெண்டாவது. அதுக்கு ஓட்டைக்குள்ள எபாக்சியில, அதாவது ரெண்டு பொருளைக் கலந்தா இறுகுற பசையில, ஒரு குழாய் மாதிரி செஞ்சு அதுக்கு நடுவுல போல்ட்டை விடணும். மாமா போட்டுல சிலிகான் அப்புனவங்க இந்த ரெண்டாவது வேலையச் செய்யவே இல்ல.

மொதல்ல பலகை உயிரோட இருக்கான்னு பாருங்க

எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடியே அதைப் பாதி டில்ட் பண்ணி, கீழ் காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் நல்லா ஆட்டிப் பாருங்க, அப்போ இன்னொரு ஆளு பின்பலகையோட மேல் விளிம்பையே பாத்துட்டு இருக்கணும். பலகை சேந்து மூச்சு விடுற மாதிரி அசைஞ்சா கதை வேற. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரோட பிளாஸ்டிக் பிடியால பலகை பூரா தட்டிட்டே வாங்க, நல்ல இடம் டக் டக்குன்னு கெட்டியா சொல்லும், ஊறுன இடம் சொத்தைத் தேங்கா மாதிரி தொப் தொப்புன்னு சொல்லும். போல்ட் ஓட்டையச் சுத்தித்தான் மொதல்ல மாறும்.

சந்தேகமா இருந்தா உள்பக்கத்துல இருந்து, கீழ் போல்ட்டுக்குப் பக்கத்துல, 5 எம்எம் பிட்ல ஒரு ஓட்டை போடுங்க, வெளித்தோல் வரைக்கும் போயிறாதீங்க, பிட்ல தடிமன் அளந்து ஒரு டேப் சுத்தி வச்சுக்கோங்க. வர்ற தூளு வெளுப்பா, உதிரியா, மர வாசனையோட வந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. கறுப்பா, பிசுபிசுன்னு பிட்லயே ஒட்டிக்கிட்டு வந்தா ஊறியிருக்கு. ஊறியிருந்தும் மரம் கெட்டியா இருந்தா காய வச்சுக்கலாம். ஆணியால குத்துனா வெண்ணெயில போற மாதிரி போனா இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்ல, உள்தோலை வெட்டித் திறந்து பலகைய மாத்தித்தான் ஆகணும். மாமா போட்டுல கீழ்ப்பாதி அப்படித்தான் இருந்துச்சு, அந்தப் பாதிக்கு பலகை புதுசா போட்டோம். அதுக்கப்புறம் ஓட்டை போட்ட விதத்தைத்தான் இப்போ எழுதுறேன். பலகை நல்லா இருக்கிறவங்க இதையே பழைய ஓட்டையில செய்யலாம்.

வாங்க வேண்டியது

எபாக்சி ரெசினும் அதை இறுக வைக்கிற, மெதுவா வேலை செய்ற ஸ்லோ ஹார்ட்னரும். போட் பட்டறையில வாளி வாளியா இருக்கிற சாதா ரெசின் வேண்டாம், அது பாலியஸ்டர், காயும்போது சுருங்கும், மரத்தோட நல்லா ஒட்டாது, ஓட்டைச் சுவர்ல இருந்து விலகுனா அந்த இடைவெளியே தண்ணிக்கு வாய்க்கால். ஆனா வேற எதுக்காவது பாலியஸ்டர் கலக்குறவங்க ஒண்ணை மட்டும் மறக்காதீங்க, பாலியஸ்டரை இறுக வைக்கச் சேக்குற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும், தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலந்துட்டு அப்புறந்தான் கேட்டலிஸ்ட்.

எம்-சீல் போதாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. அது மாவு மாதிரி கெட்டி, மரத்துக்குள்ள ஊறாது, ஓட்டைய அடைக்குமே ஒழிய மரத்தை மூடாது. வீட்டுக் குழாய்க்கு வச்சுக்கோங்க.

கெட்டிப்படுத்த ஏரோசில் பவுடர், கூட கண்ணாடி இழை. இழைய மேட்ல (நெய்யாம ஒட்டி வச்ச இழை விரிப்பு) இருந்து வெட்டாதீங்க, வோவன் ரோவிங்ல (நெஞ்ச இழைத் துணி) இருந்து கால் இன்ச் கால் இன்ச்சா கத்திரிச்சுக்கோங்க. மேட்ல இழையச் சேத்துப் பிடிக்கிற பைண்டர் பாலியஸ்டர்ல இருக்கிற ஸ்டைரீன்லதான் கரையும், எபாக்சியில சரியா கரையாது, கட்டி கட்டியா நிக்கும். பெயிண்ட் கடை டால்கம் பவுடர் போட்டா தேய்க்க லேசா இருக்கும், போல்ட்டோட அழுத்தம் தாங்காது.

போல்ட் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத ஸ்டீல்ல உப்புத்தண்ணிக்கு நல்லா தாங்குற ரகம்), 12 எம்எம் இல்ல அரை இன்ச், உங்க பிராக்கெட் என்ன கேக்குதோ அது. கடையில 304ஐ 316ன்னு குடுத்துருவாங்க, தலையில அடிச்சிருக்கிற எழுத்தைப் பாத்து வாங்குங்க, ஏ4ன்னு இருந்தா 316 வகை, ஏ2ன்னு இருந்தா 304 வகை. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, எஸ்எஸ் துருப்பிடிக்காம இருக்கிறதே காத்துல இருக்கிற ஆக்சிஜனாலதான், ஈர மரத்துக்குள்ள காத்துப்படாம உப்புத்தண்ணியில கெடந்தா 316கூட அரிச்சு நடுவுல இடுப்பு சிறுத்துப் போகும், தலை பளபளன்னு இருக்கும். ஓட்டை காஞ்சிருந்தாத்தான் போல்ட்டுக்கும் ஆயுசு. ஜிஐ, அதாவது நாகம் பூசுன இரும்பு போல்ட் வேண்டாம், பித்தளை வேண்டவே வேண்டாம், பிராக்கெட் அலுமினியம், பித்தளை அதைத் தின்னுரும்.

நைலாக் நட்டு (தானா கழண்டு வராம உள்ள நைலான் வளையம் இருக்கிறது), பெரிய தடிச்ச எஸ்எஸ் வாஷர், முடிஞ்சா உள்பக்கத்துக்கு 5, 6 எம்எம் அலுமினியத் தகடு.

சீலண்ட்டுதான் எல்லாரும் தப்பு பண்ற இடம். பாத்ரூம் சிலிகானைத் தொடாதீங்க, ஃபைபர்ல அதோட பிடி போதாது, அந்த வினிகர் வாசனை வர்ற வகை உலோகத்தையும் அரிக்கும், போதாக்குறைக்கு ஒரு தடவை சிலிகான் பட்ட இடத்துல பின்னாடி எதைப் போட்டாலும் ஒட்டாது, மாமா போட்டுல அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போச்சு. பாலியூரித்தேன் வகை சீலண்ட்ல த்ரீஎம் 5200ஐ ரொம்ப பேர் சொல்லுவாங்க, அது சீலண்ட்டுங்கிறதவிட பசை, எஞ்சினை மாத்துற அன்னைக்கு ஃபைபர் மேல இருக்கிற வழுவழுப்பான ஜெல்கோட் பூச்சையும் பேத்துக்கிட்டு வரும். எஞ்சின் ஒருநாள் இறங்கத்தான் போகுது, அதனால த்ரீஎம் 4200 இல்ல சிக்காஃப்ளெக்ஸ் 291i மாதிரி நடுத்தரப் பிடி இருக்கிறது போதும். பாலிசல்ஃபைடு கிடைச்சா அதுவும் நல்லதுதான், மெதுவா காயும். எதை வாங்குனாலும் டியூப்புல எக்ஸ்பைரி தேதியப் பாருங்க, நம்ம ஊர் கடைகள்ல மெதுவா விக்கிற சரக்கு, பழசாயிருந்தா டியூப்புக்குள்ளயே ரப்பராகி நிக்கும்.

மத்தபடி அசிட்டோன், மாஸ்கிங் டேப், ரப்பர் கையுறை, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு நாலஞ்சு, சின்ன டிஜிட்டல் தராசு, 20 எம்எம் பிட், 13 எம்எம் பிட், உப்புத்தாள்.

எஞ்சினை இறக்குறது

40 ஹெச்பின்னா எழுபது கிலோவுக்கு மேல, ரெண்டு பேரு தூக்கிறலாம்னு வீராப்பு காட்டி இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க. மூணு கம்பைக் கட்டி செயின் பிளாக் மாட்டுங்க. பெட்ரோல் லைன், ஒயர் எல்லாம் கழட்டுறதுக்கு முன்னாடி பிராக்கெட்டைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு, எந்த ஓட்டையில போல்ட் இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க. வென்டிலேஷன் பிளேட், அதாவது பிரப்பெல்லருக்கு மேல இருக்கிற தட்டையான தகடு, போட்டோட அடிமட்டத்துக்கு ஏறக்குறைய சமமா வரணும், ஏற்கெனவே எஞ்சின் ரொம்ப இறங்கியோ ஏறியோ இருந்தா சரி பண்ண இதுதான் சமயம். புது ஓட்டை போடுறதா இருந்தா பிராக்கெட்டை வச்சே அளவு எடுங்க. பெரிய எஞ்சின் கம்பெனிகள் பொதுவா வச்சிருக்கிற அளவு, மேல் ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல 327 எம்எம், கீழ் ரெண்டுக்கு நடுவுல 251 எம்எம் கிட்ட. சின்ன எஞ்சின்ல மாறும், அதனால அளக்காம ட்ரில்லைத் தொடாதீங்க.

பிராக்கெட்டைப் பலகையில கையால முறுக்கி இறுக்குற கிளாம்ப் ஸ்க்ரூ இருக்கே, போல்ட் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: அதிர்வுல கிளாம்ப் கழண்டு எஞ்சினோட கடலுக்குள்ள போனவங்க கதை எல்லா கரையிலயும் ஒண்ணு இருக்கும்.

காய வைக்கிறது

இதுல அவசரப்பட்டா மிச்ச எல்லா வேலையும் வீண். ஈர மரத்துமேல எபாக்சி ஊத்துனா ஈரத்தை உள்ளயே வச்சு சமாதி கட்டுன மாதிரி. மொதல்ல எல்லா ஓட்டையவும் நல்ல தண்ணியில அலசுங்க, ஏற்கெனவே ஊறுன மரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி கூடப் போறதால ஒண்ணும் ஆகாது, உப்பு உள்ள இருந்தாத்தான் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் முன்பக்கத்தை உயர்த்தி, பின்பலகைக்கு வெயில் படுற மாதிரி, மழைக்கு மேல தார்ப்பாய் கட்டி, ஓட்டையெல்லாம் திறந்தே விடுங்க. பழைய பனியன் துணியத் திரியா முறுக்கி ஓட்டையில விட்டு ராத்திரி வச்சிருந்து காலையில எடுத்தா ஈரம் இழுத்திருக்கும், தெனமும் மாத்துங்க. சித்திரை வைகாசியில இந்த வேலைய வச்சுக்கிறது புத்திசாலித்தனம், மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு எல்லாம் கரையேறி நிக்கிற நேரம் வெயிலும் சும்மா கெடக்குது.

எத்தனை நாள்னு கேட்டா, பலகையக் கேளுங்க. லேசா ஈரம்னா பத்து நாளு, மாமா போட்டுல மேல்பாதிக்கு அஞ்சு வாரம். காஞ்சிருச்சான்னு பாக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் பேப்பரை ஓட்டைமேல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு பகல் வெயில்ல விடுங்க, பேப்பருக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயல. மூணு நாள் தொடந்து வேர்க்காம இருந்தாத்தான் அடுத்த வேலை.

ஓட்டையப் பெருசாக்கி எபாக்சி ஊத்துறது

போல்ட் ஓட்டையெல்லாத்தையும் 20 எம்எம்முக்குப் பெருசாக்குங்க. ஏற்கெனவே 13 எம்எம் ஓட்டை இருந்தா பெரிய பிட்டுக்கு நடு கிடைக்காம தடுமாறும், ஓட்டைக்குள்ள ஒரு மரக்குச்சிய இறுக்கமா அடிச்சு அதுக்கு நடுவுல பிடிங்க. ஜெல்கோட் தெறிக்காம இருக்க மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, மொதல்ல ட்ரில்லை ரிவர்ஸ்ல ஓட்டி ஜெல்கோட்டை மட்டும் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் ஃபார்வர்டு போடுங்க. மறுபக்கம் ஒரு கட்டைய அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ட்ரில் பலகைக்கு நேர் செங்குத்தா நிக்கணும், பக்கத்துல ஒரு மூலைமட்டத்தை வச்சு ஒரு ஆள் பாத்துட்டே இருக்கட்டும்.

இப்போ எனக்குப் பிடிச்ச வேலை. மூணு இன்ச் ஆணி ஒண்ணை எடுத்து, தலைய வெட்டிட்டு, முனையில அரை இன்ச்சை எல் மாதிரி வளைச்சு, ட்ரில் சக்குல மாட்டி, ஓட்டைக்குள்ள விட்டு மெதுவா சுத்துங்க. ரெண்டு தோலுக்கும் நடுவுல இருக்கிற மரத்தை மட்டும் அது கொறிச்சு எடுக்கும், தோல்ல 20 எம்எம்தான் இருக்கும், உள்ள ஒரு பானை வயிறு மாதிரி அகலமாயிரும். அங்க எபாக்சி போய் உக்காந்தா எந்தப் பக்கமும் கழண்டு வராது. கண்ணாடி போட்டுக்கோங்க, ஆணி பிச்சுக்கிட்டு பறக்கும். எனக்குப் பறந்துச்சு, நல்லவேளை சட்டைப் பையில போய் விழுந்துச்சு. தூளையெல்லாம் ஊதி எடுத்துட்டு, துணியில அசிட்டோன் தொட்டுத் துடைச்சு ஆற விடுங்க.

எபாக்சிய சாயங்காலம் ஊத்துங்க. காலையில ஊத்துனா வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கிற காத்து சூடாகி விரிஞ்சு எபாக்சிக்குள்ள குமிழ் குமிழா வெளிய வரும், அந்தக் குமிழ் ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை. சாயங்காலம் மரம் குளுர ஆரம்பிக்கும்போது ஊத்துனா காத்து சுருங்கி எபாக்சிய மரத்துக்குள்ள இழுத்துக்கும். இது சின்ன விஷயந்தான், ஆனா வேலையோட தரமே இதுல மாறிடும்.

கலக்குற அளவு டப்பாவுல போட்டிருக்கிறபடி, தராசுல வச்சு. எடைக்கு ஒரு விகிதம், கொள்ளளவுக்கு வேற விகிதம் இருக்கும், எது எதுன்னு பாத்துக்கோங்க. பாலியஸ்டருக்கு கேட்டலிஸ்ட் கூடப் போட்டா சீக்கிரம் இறுகும், அதே நெனப்புல எபாக்சிக்கு ஹார்ட்னரைக் கூட ஊத்துனா ஜென்மத்துக்கும் காயாம பிசுபிசுன்னு நிக்கும். ஒரு தடவைக்கு நூறு கிராமுக்கு மேல கலக்காதீங்க, கலந்ததும் ஆழமான கப்புல விடாம அகலமான தட்டுல பரப்பிருங்க, நம்ம வெயிலுக்கு கப்புல வச்சா தானா சூடேறி புகைய ஆரம்பிச்சிரும். கையுறை போடாம தொடாதீங்க, சிலருக்கு ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் தோல்ல ஒவ்வாமை வந்துரும், வந்தா அப்புறம் போகாது. கையில பட்டா தின்னர் ஊத்திக் கழுவாதீங்க, சோப்புத் தண்ணி போதும்.

மொதல்ல பவுடர் எதுவும் சேக்காத தண்ணி மாதிரி எபாக்சிய சின்ன பிரஷ்ல ஓட்டைச் சுவர் பூரா ரெண்டு மூணு தடவை தடவுங்க. வெட்டு முனை குடிக்கும், குடிச்சு மினுமினுப்பு போச்சுன்னா திரும்பத் தடவுங்க, மினுமினுப்பு நிக்கிற வரைக்கும். அது பிசுபிசுன்னு ஒட்டுற பதத்துல இருக்கும்போதே மிச்சத்துல ஏரோசிலும் வெட்டுன இழையும் சேத்து கெட்டியா அரைச்ச நிலக்கடலைத் துவையல் பதத்துக்குக் கொண்டு வாங்க, குச்சியால எடுத்தா கூம்பா நிக்கணும், வழியக் கூடாது. வெளிப்பக்கம் டேப்பால ஓட்டைய மூடிட்டு, உள்பக்கத்துல இருந்து சிரிஞ்சோட முனைய அடி வரைக்கும் விட்டு, அடியில இருந்து நிரப்பிக்கிட்டே வெளிய இழுத்துட்டு வாங்க. மேல இருந்து திணிச்சா நடுவுல காத்து மாட்டிக்கும். சிரிஞ்சு முனைய கொஞ்சம் வெட்டி அகலமாக்கிக்கோங்க, இழை அடைச்சுக்கும். வாயில கொஞ்சம் புடைச்சு நிக்கிற மாதிரி விட்டுட்டு மேலயும் டேப் போட்டு, விட்டுட்டு வீட்டுக்குப் போங்க.

வேண்டாத பழைய ஓட்டைகளையும் இதே நேரத்துல அடைச்சிருங்க. அதுக்கு மட்டும் கூடுதலா ரெண்டு பக்கத் தோலையும் ஓட்டையச் சுத்தி சரிவா தேய்ச்சு, வோவன் துணிய சின்னதுல இருந்து பெருசா வட்டம் வட்டமா வெட்டி எபாக்சியில நாலஞ்சு அடுக்கு ஒட்டுங்க. மேல பெயிண்ட் அடிங்க, ஜெல்கோட் எபாக்சி மேல சரியா இறுகாம போகும். மரக்குச்சிய அடிச்சு மேல பட்டி பூசுறதெல்லாம் போட்டை விக்கிறவங்க செய்ற வேலை.

திரும்ப ஓட்டை, அப்புறம் போல்ட்

ரெண்டு நாள் கழிச்சு எபாக்சி மேல வழவழன்னு மெழுகு மாதிரி ஒரு படலம் இருந்தா அதைத் தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற நாரும் வச்சு கழுவுங்க, அசிட்டோன்ல போகாது, தண்ணியிலதான் போகும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு சமமாக்கி, பிராக்கெட்டை வச்சு நடுவைக் குறிச்சு, சின்ன பிட்ல ஆரம்பிச்சு 13 எம்எம்முக்கு வாங்க. 20ல 13 போனா சுத்தி மூன்றரை எம்எம் எபாக்சிச் சுவர் நிக்கும், நடுவுல ஆணி கொறிச்ச இடத்துல இன்னும் கூட. பிட் வெளிய வரும்போது மரத்தூள் ஒரு பொட்டுகூட வரக்கூடாது. வந்தா நடு விலகியிருக்கு, திரும்ப ஊத்தணும், வேற வழியில்ல.

வெளிப்பக்க வாயில ஒரு கவுன்டர்சிங்க் பிட்டை வச்சு மூணு எம்எம் அளவுக்குச் சரிவு எடுங்க. போல்ட்டை இறுக்கும்போது சீலண்ட் முழுக்க பிதுங்கி வெளிய போயிராம அந்தக் குழியில வளையமா தங்கும், ஓரிங் மாதிரி. இது இல்லேன்னா இறுக்குன இறுக்குல காகிதம் அளவுக்குத்தான் சீலண்ட் மிஞ்சும்.

பிராக்கெட் உக்கார்ற இடத்தையும் போல்ட்டையும் அசிட்டோன்ல துடைங்க. ஸ்பிரிட் வேண்டாம், காயாத பாலியூரித்தேன்ல ஸ்பிரிட் பட்டா அது இறுகாமலே போயிரும். எஞ்சினைத் தொங்க விட்டு ஓட்டையோட ஓட்டை சேத்து, போல்ட்டை வெளிய இருந்து உள்ள விடணும், தலை வெளிய, நட்டு உள்ள. விடுறதுக்கு முன்னாடி ஓட்டைக்குள்ள ஒரு பிதுக்கு, சரிவுல ஒரு வளையம், போல்ட் தண்டுல தலைக்குக் கீழ ஒரு வளையம், வாஷருக்கு அடியில ஒண்ணு. மரையில மட்டும், அதுவும் நட்டு வர்ற கடைசி பாகத்துல, துளி ஆன்டி-சீஸ் பேஸ்ட் இல்ல கிரீஸ். எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் சூடாகி ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும், கவ்வுனா கட்டர் வச்சு வெட்டத்தான் வேணும், அதனால மெஷின் போடாம கையால மெதுவா இறுக்குங்க. கிரீஸ் தண்டுல பட்டா சீலண்ட் ஒட்டாது, பாத்து.

வெளிய ஒரு ஆளு ஸ்பேனரால போல்ட் தலைய அசையாம பிடிச்சுக்கணும், உள்ள நட்டைத்தான் சுத்தணும். தலைய சுத்துனா சீலண்ட் முறுக்கி வாய் விட்டுரும். நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா. சுத்தி சீரா பிதுங்கணும், ஒரு பக்கம் பிதுங்கி ஒரு பக்கம் பிதுங்கலேன்னா வெளிய எடுத்துத் திரும்பப் போடுங்க, விரல்ல தடவி மறைக்காதீங்க. பலத்தைக் காட்டி வாஷர் ஃபைபருக்குள்ள பதியிற வரைக்கும் இறுக்காதீங்க, அப்படிப் பதிஞ்சா தோல் விரிசல் விட்டு அதுவே புது ஓட்டை.

உள்பக்க நட்டுக்கும் சீலண்ட் போடணுமாங்கிறதுல ரெண்டு கட்சி இருக்கு. போடாம விட்டா வெளிப்பக்கம் ஒழுகுனது உள்ள சொட்டி நமக்குத் தெரியும்னு ஒரு கட்சி. மூடி போட்ட பெரிய போட்டுக்கு அது சரி. நம்ம போட் திறந்த போட், அலைத்தண்ணியும் மழைத்தண்ணியும் ஐஸ் உருகுன தண்ணியும் எந்நேரமும் உள்ள கெடக்குது, நான் ரெண்டு பக்கமும் போடுற கட்சி.

பிதுங்குனதை பிளாஸ்டிக் துண்டால வழிச்சு எடுத்துட்டு, ரெண்டு நாளாவது தண்ணியில இறக்காம இருங்க, டியூப்புல ஒரு வாரம்னு போட்டிருந்தா ஒரு வாரம். அஞ்சாறு தடவை கடலுக்குப் போய் வந்ததும் நட்டை ஒரு தடவை சரிபாருங்க, அப்பவும் தலையப் பிடிச்சுக்கிட்டுதான்.

மத்த ஓட்டைகள்

எஞ்சின் போல்ட்டை ஒழுங்கா பண்ணிட்டு ஃபிஷ் ஃபைண்டர், அதாவது மீன் தேடுற கருவியோட சென்சாரை நாலு ஸ்க்ரூ போட்டு நேரா மரத்துல அடிச்சவங்களும் உண்டு. அது போல்ட்டைவிட கீழ, எந்நேரமும் தண்ணிக்குள்ள. ஒரு பிளாஸ்டிக் பலகைய எபாக்சியில ஒட்டிட்டு அதுல மட்டும் ஸ்க்ரூ போடுங்க. போட்டுக்குள்ள தேங்குற தண்ணிய வெளிய விடுற டிரெயின் பிளக் ஓட்டைக்கும் இதே எபாக்சி வைத்தியந்தான், நிறைய போட்டுல பலகை அழுகுறது அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. கிளாம்ப் ஸ்க்ரூ பதியிற இடத்துல அலுமினியத் தகடு வைங்க. பலகையோட மேல் விளிம்புல பட்டை அடிச்சிருந்தா அந்த ஸ்க்ரூவையும் விடாதீங்க.

எஞ்சின் வேகமா ஓடும்போது பின்பலகை பெரும்பாலும் காஞ்சுதான் இருக்கும். சட்டுன்னு ஆக்சிலேட்டரைக் கொறைச்சா பின்னாடி துரத்திட்டு வந்த தண்ணி ஏறி கீழ் போல்ட்டை முழுக்காட்டும், ஒருநாளைக்கு எத்தனை தடவை அப்படி நிறுத்துறோம்னு யோசிச்சுப் பாருங்க. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, மழை தொடங்குறதுக்கு முன்னாடி, கீழ் போல்ட்ல ஒண்ணை மட்டும் கழட்டுவேன். மாமா போட்டுல ஒரு வருஷம் கழிச்சு கழட்டுனோம். வெள்ளை டிஷ்யூவ ஒரு குச்சியில சுத்தி ஓட்டைக்குள்ள விட்டு எடுத்தேன், மாமா அதை என் கையில இருந்து வாங்கி கன்னத்துல வச்சுப் பாத்தாரு, காஞ்ச டிஷ்யூ. அப்புறம் வழக்கம்போல மோந்தும் பாத்தாரு.